வண்ணப் பட்டையும் அரிசிச் சிப்பமும்

டிவியில் டென்னிஸோ வாலிபாலோ பார்க்கும்போது, வீரர்களின் தோளிலும் முழங்காலிலும் நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு நிறங்களில் ஒட்டியிருக்கும் பட்டைகளைக் கவனித்திருப்பீர்கள். அடிபட்ட இடத்தில் போடும் கட்டு மாதிரியும் இல்லை, அலங்காரம் மாதிரியும் இல்லை. இன்று அதே பட்டை நம் ஊர் பிசியோதெரபி மையங்களுக்கும் ஆன்லைன் கடைகளுக்கும் வந்துவிட்டது. ‘முதுகுவலிக்கு’, ‘நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு’, ‘பாரம் தூக்குபவர்களுக்கு’ என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். சில நூறு ரூபாய்க்கு ஐந்து மீட்டர் சுருள்.

விளையாட்டு வீரர் எதையாவது ஒட்டிக்கொண்டு போகட்டும். ஆனால் சந்தையில் காலை நான்கு மணிக்கு லாரியிலிருந்து மூட்டை இறக்குகிற லோடுமேனுக்கும், மூன்றாவது மாடிக்குச் செங்கல் சுமக்கிற சித்தாளுக்கும், நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுகிற செவிலியருக்கும் இந்தத் துணி என்ன செய்துவிட முடியும்?

ஒன்றுக்கும் உதவாது என்று சிரிப்பவர்கள் உண்டு. ஒட்டிய அரை மணி நேரத்தில் வலி குறைந்துவிட்டது என்று சத்தியம் செய்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம்.

டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக் வரை

பட்டையின் தந்தை கென்சோ கசே என்ற ஜப்பானியர். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் முறையை அமெரிக்காவில் படித்துவிட்டு ஜப்பான் திரும்பியவர். 1970களில் விளையாட்டுக் காயங்களுக்குப் போட்டது வெள்ளை நிறக் கெட்டிப் பட்டை. அது மூட்டை அசையவிடாமல் பிடித்து வைக்கும். சுளுக்கிய கணுக்காலுக்கு அது தேவைதான். ஆனால் வீட்டுக்குப் போகும் நோயாளி நடக்க வேண்டும், குனிய வேண்டும். அசைவைத் தடுக்காமல், தோலோடு சேர்ந்து நீளும் ஒரு பட்டை இருந்தால் என்ன என்று கசே யோசித்தார்.

அப்படி உருவானதுதான் கினிசியோ டேப். இந்த அத்தியாயத்தில் அதை மீள்பட்டை என்று அழைப்போம். பருத்தித் துணிக்குள் மீள்தன்மை கொண்ட இழை ஓடும். நீளவாக்கில் மட்டும் இழுபடும். தன் நீளத்தைப் போல 140 சதவீதம்வரை, அதாவது பத்து சென்டிமீட்டர் துண்டு பதினான்கு சென்டிமீட்டர்வரை நீளும். பின்புறம் அலை அலையாகப் பசை. ஒட்டியபின் கையால் தேய்த்தால், அந்தச் சூட்டில் பசை இறுகப் பிடிக்கும். குளித்தாலும் வராது, மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். மருந்து எதுவும் அதில் கிடையாது. நீலத்துக்கும் கறுப்புக்கும் சாயத்தைத் தவிர வேறு வித்தியாசமும் கிடையாது.

உலகம் அதைக் கவனித்தது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில். 58 நாடுகளின் அணிகளுக்கு ஐம்பதாயிரம் சுருள்களை கசேயின் நிறுவனம் இலவசமாகக் கொடுத்திருந்தது. கடற்கரை வாலிபாலில் தங்கம் வென்ற அமெரிக்காவின் கெர்ரி வால்ஷின் வலத்தோளில் சிலந்திக்கால் போல விரிந்திருந்த கறுப்புப் பட்டை உலகம் முழுக்கப் படமாக வந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, யூரோ கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோலைப் போட்ட இத்தாலியின் மாரியோ பலோடெல்லி சட்டையைக் கழற்றிவிட்டுச் சிலை மாதிரி நின்றார். முதுகில் மூன்று நீலப் பட்டைகள். இதைவிட நல்ல விளம்பரத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

ஆடுகளத்திலிருந்து பணியிடத்துக்கு வர அதிக நாள் ஆகவில்லை. வாதம் எளிமையானது: கனமான உடலுழைப்பு செய்பவரும் ஒருவகை விளையாட்டு வீரர்தானே? அவருக்கு உதவுவது இவருக்கும் உதவாதா? இந்த ஒப்பீட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் கணக்கு.

சிப்பத்தின் எடை 25 கிலோ, முதுகுக்கோ 400

மளிகைக்கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவர் எடை 65 கிலோ. தரையில் கிடக்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் குனிந்து தூக்கப்போகிறார்.

குனியும்போது அவர் உடல் இடுப்புக்கு மேலே முன்பக்கம் சாய்கிறது. கீழ்முதுகில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே உள்ள முள்ளெலும்புக் கணுதான் இங்கே அச்சாணி. பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு பக்கம் மிக நீளம், மறுபக்கம் மிகக் குட்டை. நீளமான பக்கத்தில் சிப்பமும் சாய்ந்த உடலும் உட்கார்ந்திருக்கின்றன. குட்டைப் பக்கத்தில், முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசைகள் உட்கார்ந்து பலகையைச் சமன்செய்ய வேண்டும்.

சிப்பம் அச்சாணியிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். 25 கிலோவை நாற்பதால் பெருக்கினால் 1,000. தலை, கைகள், நெஞ்சு எல்லாம் சேர்ந்து இடுப்புக்கு மேலே உள்ள உடம்பே சுமார் 40 கிலோ. அதன் மையம் 25 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. அதற்கும் 1,000. நீளப் பக்கத்தின் மொத்தக் கணக்கு 2,000.

குட்டைப் பக்கத்தில் தசைக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு தூரம்? முதுகுத் தசைகள் அச்சாணிக்குப் பின்னால் சுமார் ஐந்து சென்டிமீட்டரில்தான் இருக்கின்றன. 2,000ஐச் சமன்செய்ய ஐந்தால் வகுத்தால் 400. அதாவது, 25 கிலோவைத் தூக்க முதுகுத் தசைகள் 400 கிலோவுக்குச் சமமான விசையில் இழுக்கின்றன. அந்த இழுப்பு முழுவதும் முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளின்மேல் அழுத்தமாக இறங்குகிறது. அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனமான நியோஷ், 1981இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த அழுத்தத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கோடு போட்டது. அது சுமார் 350 கிலோ. நம் இளைஞர் ஒற்றைச் சிப்பத்திலேயே அதைத் தாண்டிவிட்டார்.

கவனியுங்கள், அந்த 2,000இல் பாதி சிப்பத்தினுடையது, பாதி அவர் உடம்பினுடையது. வெறுங்கையோடு குனிந்து ஓர் ஊசியை எடுத்தாலே முதுகுத் தசைகளுக்கு 200 கிலோ வேலை. குனிந்தே நாற்று நடுபவருக்கும், குனிந்தே கம்பி கட்டுபவருக்கும் பாரம் எதையும் தூக்காமலே முதுகு வலிப்பது இதனால்தான்.

இப்போது பட்டையை ஒட்டுவோம்

முதுகெலும்பின் இருபுறமும் ஒவ்வொரு பட்டை. மீள்பட்டையை இரண்டு விரலால் இழுத்து நீட்டிவிடலாம். அதன் இழுவிசை அவ்வளவுதான். தாராளமாகவே கணக்குப் போடுவோம்: ஒரு பட்டை இரண்டு கிலோ விசையில் இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து நான்கு கிலோ. தோல் தசையைவிட வெளியே இருப்பதால் பட்டைக்கு ஒரு சலுகை உண்டு. அச்சாணியிலிருந்து அதற்குக் கிடைக்கும் தூரம் பத்து சென்டிமீட்டர்வரை போகும். நான்கைப் பத்தால் பெருக்கினால் 40.

2,000க்கு எதிரே 40. நூற்றுக்கு இரண்டு. தசை இழுக்க வேண்டிய 400 கிலோ, 392 ஆகிறது.

அந்த எட்டு கிலோவும் தாளில் மட்டும்தான். பட்டை தோலில் ஒட்டியிருக்கிறது, எலும்பில் இல்லை. உங்கள் புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துப் பாருங்கள், எவ்வளவு தாராளமாக நகர்கிறது! பட்டை இழுக்கும்போது முதலில் நகர்வது தோல். எலும்புக்குப் போய்ச் சேரும் விசை இன்னும் குறைவு.

அதே சிப்பத்தைத் தூக்குவதற்கு முன் பத்து சென்டிமீட்டர் உடலோடு நெருக்கிக்கொண்டால் என்ன ஆகும்? சிப்பத்தின் பங்கு 1,000இலிருந்து 750 ஆகும். மொத்தம் 1,750. தசையின் வேலை 350 கிலோ. சும்மா நெருங்கி நின்றதில் 50 கிலோ மிச்சம். சிப்பத்தைத் தரையில் போடாமல் முக்கால் மீட்டர் உயர மேசையில் வைத்திருந்தால்? குனிவு குறைகிறது, உடம்பின் மையம் பத்து சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்துவிடுகிறது. உடம்புக்கு 400, சிப்பத்துக்கு 750, மொத்தம் 1,150. தசைக்கு 230 கிலோ. நெருங்கி நிற்பதும் நான்கு கால் வைத்த ஒரு பலகையும் சேர்ந்து, பட்டையைப் போல இருபது மடங்குக்கு மேல் வேலை செய்துவிடுகின்றன.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சும்மாட்டுக்கு ஒரு பாராட்டு. தலைச்சுமையில் பாரம் முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது. அச்சாணியிலிருந்து தூரம் கிட்டத்தட்டப் பூஜ்யம். கழுத்துக்கு அதில் வேறு சிக்கல்கள் உண்டு. ஆனால் கீழ்முதுகைப் பொறுத்தவரை, சுமந்து நடக்கும் நேரத்தைவிடச் சுமையை ஏற்றும் நொடியும் இறக்கும் நொடியும்தான் ஆபத்து. ‘ஒரு கை தூக்கிவிடுங்க’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடும் வழக்கத்தில் இந்தக் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மீள்தன்மைமேல் குற்றமில்லை

இழுபட்டுச் சுருங்கும் பொருளால் முதுகுக்கு உதவவே முடியாது என்று இதிலிருந்து முடிவு கட்டினால் அது தவறு. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் ஓர் உடையைத் தைத்தார்கள். மேலே சட்டை போல ஒரு பகுதி, கீழே தொடையைச் சுற்றி ஒரு பகுதி, இரண்டையும் முதுகு வழியாக இணைக்கும் தடித்த மீள்நாடா. குனிந்தால் நாடா இழுபடும். நிமிரும்போது சுருங்கித் தூக்கிவிடும். மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. அந்த உடையின் மாதிரி வடிவம், சாய்ந்து நிற்கும் வேலையில் முதுகுத் தசையின் உழைப்பைச் சராசரியாக 23 முதல் 43 சதவீதம்வரையும், பாரம் தூக்கும்போது 14 முதல் 16 சதவீதம்வரையும் குறைத்ததாக அளந்தார்கள்.

மீள்பட்டையிலும் அதே மீள்தன்மைதான். வித்தியாசம் இரண்டு: நாடாவின் பலம், அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்பது. தொடையும் தோளும் உறுதியான நங்கூரங்கள். பெரிய விசையைத் தாங்கும். தோல் அப்படியில்லை. பட்டையை அந்த அளவு பலமாகச் செய்து ஒட்டினால், முதல் குனிவிலேயே பட்டை பிய்ந்துவரும், அல்லது தோல் பிய்ந்துவரும்.

சுமையைத் தாங்குவது என்ற பொருளில் மீள்பட்டை உழைப்பவருக்கு உதவுவதில்லை. இதுவரை எந்த மருத்துவச் சோதனையையும் நாம் தொடவில்லை; பள்ளிக்கூட நெம்புகோல் பாடமே இதைச் சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பாடத்தால் விளக்க முடியாதது ஒன்று மிச்சம் இருக்கிறது: ஒட்டியவருக்கு வலி குறைவது.

கண்ணைக் கட்டி ஒட்டினார்கள்

பட்டை தசைக்குப் பலம் தருகிறதா, பட்டைமேல் உள்ள நம்பிக்கை பலம் தருகிறதா? இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை. நீலப் பட்டை ஒட்டியிருப்பது ஒட்டிக்கொண்டவருக்குத் தெரியும். டிவியில் பலோடெல்லியையும் பார்த்திருப்பார்.

ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட சோதனையில் ஒரு சிறிய தந்திரம் செய்தார்கள். ஆரோக்கியமான முப்பது பேரை அழைத்து, தொடைத் தசையின் இயக்கத்தை அளக்கும் உணரிகளை ஒட்டப்போவதாகச் சொன்னார்கள். சோதனை நேரத்தில் அவர்கள் கண்களும் கட்டப்பட்டிருந்தன. உண்மையில் ஒட்டியது மீள்பட்டை. ஒருமுறை, தசையைத் தூண்டும் என்று சொல்லப்படும் முறைப்படி இழுத்து ஒட்டினார்கள்; ஒருமுறை பாவனைக்கு ஒட்டினார்கள்; ஒருமுறை எதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொரு முறையும் முழங்காலை நீட்டும் பலத்தைக் கருவியில் அளந்தார்கள். மூன்றுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. பட்டை என்று தெரியாதபோது பட்டையால் பலம் கூடவில்லை.

பலம் போகட்டும், வலி? பட்டையை லேசாக இழுத்து ஒட்டினால் தோலில் சிறு சுருக்கங்கள் எழும். அந்தச் சுருக்கங்கள் தோலைத் தூக்கி, அடியில் உள்ள அழுத்தத்தைக் குறைத்து, ரத்த ஓட்டத்தைக் கூட்டி வலியைத் தணிக்கின்றன என்பது பட்டைக்காரர்களின் விளக்கம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர ஆய்வாளர்கள் 2014இல் இந்தச் சுருக்கங்களையே சோதித்தார்கள். நெடுநாள் முதுகுவலி உள்ள 148 பேர். பாதிப் பேருக்கு இழுத்து, சுருக்கம் விழும்படி ஒட்டினார்கள். மீதிப் பேருக்கு அதே பட்டையை இழுக்காமல் ஒட்டினார்கள். நான்கு வாரம், எட்டுத் தடவை. இரு குழுவினருக்கும் வலி குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். சுருக்கத்துக்குத் தனி மகிமை எதுவும் தெரியவில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் ஸ்பெயினில் முதுகுவலிக்காரர்கள் அறுபது பேரிடம் நடந்த சோதனையில், உண்மைப் பட்டை ஒட்டியவர்களுக்குப் பாவனைப் பட்டைக்காரர்களைவிட வலி சற்று அதிகமாகவே குறைந்தது. பத்துப் புள்ளி அளவுகோலில் சுமார் ஒரு புள்ளி. அதை நடத்தியவர்களே, அன்றாட வாழ்க்கையில் உணரும் அளவுக்கு இது பெரிதில்லாமல் இருக்கலாம் என்று எழுதினார்கள். இப்படிப்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வதும் இதுதான்: நன்மை தெரிந்த இடங்களில் அது சிறியது, பல இடங்களில் பாவனைப் பட்டைக்கும் உண்மைப் பட்டைக்கும் வித்தியாசமே இல்லை.

தோல் சொல்வதும் மூளை கேட்பதும்

முழங்கையை நிலைக்கட்டையில் இடித்துக்கொண்டால் என்ன செய்கிறோம்? யாரும் சொல்லித்தராமலே கை அந்த இடத்தைத் தேய்க்கிறது. வலி குறைகிறது. ஏன் என்பதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். அதை வாயில் கோட்பாடு என்று சொல்லலாம். வலிச் செய்திகளைத் தூக்கிவரும் நரம்பிழைகள் மெல்லியவை. தொடுதல், தேய்த்தல், அழுத்தம் போன்ற செய்திகளைத் தருபவை தடித்தவை. இரண்டும் தண்டுவடத்தில் ஒரே வாயிலில் வந்து சேர்கின்றன. தொடுசெய்திகள் கூட்டமாக வந்தால் வலிச் செய்திகளுக்கு வாயில் பாதி மூடிக்கொள்கிறது.

தோலில் ஒட்டிய பட்டை ஒவ்வொரு அசைவிலும் தோலை இழுத்து, தடித்த இழைகளுக்கு ஓயாமல் செய்தி கொடுக்கிறது. அதனால் வலி சற்று மங்கலாம். ஆனால் நரம்புகள் சீக்கிரம் பழகிவிடும். காலையில் போட்ட சட்டை உடம்பில் இருப்பதையே பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறோம் அல்லவா? ஐந்து நாளும் வாயில் மூடியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் நம்பத்தகுந்ததாகப் படுகிறது. கண்ணை மூடிக்கொண்டும் நம் மூக்கை நாம் தொட முடிகிறது. கை எங்கே, கால் எந்தக் கோணத்தில் என்று மூளைக்கு எப்போதும் தெரிந்தபடி இருக்கிறது. இதை உடலிருப்பு உணர்வு என்போம். தசையும் மூட்டும் தருகிற செய்தியோடு தோலின் இழுபடும் செய்தியும் அதில் கலக்கிறது. முதுகில் பட்டை ஒட்டியவர் வளைந்து குனிந்தால், தோல் சுருக்கென்று இழுக்கும். ‘முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு’ என்று யாரோ தொட்டுச் சொன்னது போல இருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தூக்கும் முறையைக் கற்றுத்தரும் முதல் சில நாட்களில் இந்த நினைவூட்டலுக்குப் பயன் இருக்கலாம். அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது: மூட்டை தரையில் கிடந்தால், நினைவூட்டப்பட்டவரும் குனியத்தான் வேண்டும்.

மூன்றாவது, மருந்துப்போலி விளைவு. வெறும் சர்க்கரை மாத்திரையை மருந்து என்று நம்பி விழுங்கும்போது வலி குறைவது போன்றது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று இதை ஒதுக்குவது அறிவியலுக்குப் பொருந்தாது. வலி என்பதே மூளை எடுக்கும் ஒரு முடிவு. யாரோ அக்கறையோடு முதுகைப் பார்த்து, தொட்டு, எதையோ செய்தார்கள் என்பதும் அந்த முடிவில் ஒரு வாக்கு. குறைந்ததாக உணரப்படும் வலி, உண்மையிலேயே குறைந்த வலிதான்.

மைதானத்தில் விசில் அடிப்பார்கள், சந்தையில்?

அப்படியானால் லோடுமேனும் ஒட்டிக்கொள்ளட்டுமே, என்ன நஷ்டம்? முன்பு சொன்ன ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

விளையாட்டு வீரர் இரண்டு மணி நேரம் ஆடுகிறார். பிறகு ஓய்வு, மசாஜ், பயிற்சியாளர், மருத்துவர், அடுத்த போட்டிவரை இடைவெளி. வலி கொஞ்சம் மங்கினால் அந்த இரண்டு மணி நேரத்தைக் கடந்துவிடலாம். லோடுமேனுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. வலி மங்கினால் அவர் கூடுதலாகத் தூக்குவார், தூக்கினால்தான் காசு. தசையின் 400 கிலோ 392 ஆகக்கூட ஆகவில்லை, ஆனால் ‘போதும், நிறுத்து’ என்று முதுகு சொல்வது மட்டும் காதில் மெதுவாக விழுகிறது. சுமை அப்படியே இருக்க எச்சரிக்கை மட்டும் குறைவதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது வெறும் ஊகமில்லை. மீள்பட்டைக்கு முன்பே இந்த நாடகம் ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குவது நமக்குப் பழக்கம். அதன் நவீன வடிவமான அகலமான முதுகு பெல்ட்டை அமெரிக்கக் கிடங்குகளும் கடைகளும் தங்கள் ஊழியர்களுக்கு வாங்கி மாட்டின. காயமே படாத தொழிலாளருக்கு முதுகுக் காயம் வராமல் பெல்ட் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 1994இல் நியோஷ் அறிவித்தது. பெல்ட் போட்ட தைரியத்தில் தொழிலாளர்கள் கூடுதல் பாரம் தூக்கக்கூடும் என்றும் எச்சரித்தது. பிறகு 160 புதிய கடைகளில், பொருட்களைக் கையாளும் 9,377 ஊழியர்களைப் பேட்டி கண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 2000இல் முடிவு வெளியானது. தினமும் பெல்ட் போட்டவருக்கும் போடாதவருக்கும் முதுகுவலியிலோ இழப்பீடு கோரிய காயங்களிலோ வித்தியாசம் இல்லை. பெல்ட்டைக் கட்டாயமாக்கிய கடைக்கும் கட்டாயமாக்காத கடைக்கும்கூட வித்தியாசம் இல்லை.

பெல்ட்டாவது வயிற்றை இறுக்குகிறது, கொஞ்சம் விறைப்பாக நிற்கிறது. பட்டை அதைவிடப் பல மடங்கு மென்மையானது.

ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால்

இவ்வளவுக்குப் பிறகும், வலி இருக்கிறது, ஒட்டினால் இதமாக இருக்கிறது என்பவரைத் தடுக்க வேண்டியதில்லை. சில நடைமுறைச் சங்கதிகள் மட்டும். எண்ணெய் தேய்த்த உடம்பில் பட்டை நிற்காது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். வியர்க்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒட்டிவிடுவது நல்லது. துண்டின் முனைகளைக் கத்தரியால் வட்டமாக்கினால் சட்டையில் சிக்கிப் பிரியாது. இரு முனைகளையும் இழுக்காமல் ஒட்டுங்கள். கொப்புளம் வருவது பெரும்பாலும் முனையை இழுத்து ஒட்டுவதால்தான். எடுக்கும்போது வெடுக்கென்று பிய்க்காமல், மேலே எண்ணெய் தடவி ஊறவிட்டு, முடி வளரும் திசையில் மெதுவாக உரிக்க வேண்டும். புண், சொறி, பசை ஒவ்வாமை உள்ள இடத்திலும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள இடத்திலும் ஒட்டவே கூடாது. சர்க்கரை நோயால் தோல் மரத்துப் போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

முதுகுவலியோடு காலில் பலம் குறைவது, மறைவிடப் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இவற்றில் ஏதாவது வந்தால் பட்டையைப் பற்றிப் பேச நேரமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூட்டையின் எடையை யார் தீர்மானிப்பது?

1991இல் நியோஷ் தன் வழிகாட்டியைத் திருத்தியபோது, எல்லாமே சாதகமாக அமைந்தால் ஒருவர் தூக்கலாம் என்று சொன்ன எடை 23 கிலோ. சாதகமாக என்றால், பாரம் உடலுக்கு 25 சென்டிமீட்டர் பக்கத்தில், முக்கால் மீட்டர் உயரத்தில், உடலைத் திருப்பாமல், எப்போதாவது ஒருமுறை. பாரம் தள்ளிப்போனாலோ தாழ்ந்தாலோ அடிக்கடி தூக்கினாலோ அந்த 23உம் குறைந்துகொண்டே வரும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வயதுவந்த ஆணுக்கு உச்சவரம்பாகப் பரிந்துரைத்ததோ 55 கிலோ. நம் சிமெண்ட் மூட்டை 50. பிரிட்டனிலும் ஒரு காலத்தில் 50 கிலோதான். கையால் பாரம் தூக்குவது பற்றிய விதிகள் 1992இல் வந்தபின் அங்கே 25 கிலோ மூட்டை வழக்கத்துக்கு வந்தது. 75 கிலோ, 100 கிலோ நெல் மூட்டைகளைத் தூக்கிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. மூட்டை மெலிவது புதிய சங்கதி இல்லை.

2018 மார்ச் முதல் இந்தியாவில் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆனது. லோடுமேனின் முதுகை நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை. விவசாயிகள் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று போடுவதால், மூட்டை சிறுத்தால் உரப் பயன்பாடு குறையும் என்பது அரசின் கணக்கு. ஆனால் முதுகு நோக்கம் பார்க்காது. நம் பழைய கணக்கில் போட்டுப் பாருங்கள்: ஐந்து கிலோவை நாற்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால், ஒவ்வொரு தூக்கலிலும் முதுகுத் தசைக்கு 40 கிலோ மிச்சம். பட்டை தாளில் தந்ததைப் போல ஐந்து மடங்கு.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பத்து டன் லாரியில் 200 மூட்டை இருந்த இடத்தில் இப்போது 222. ஒவ்வொரு தூக்கலும் இலகுவாகிறது. தூக்கல்களின் எண்ணிக்கையும் அதோடு நாள் முழுக்கக் குனிகிற உடம்பின் கணக்கும் கூடுகிறது. முதுகுக்கு உச்ச அழுத்தமும் முக்கியம், நாளின் மொத்த உழைப்பும் முக்கியம். அதனால் மூட்டையைச் சிறிதாக்குவது மட்டும் போதாது. லாரியின் அடித்தட்டு உயரத்துக்கு ஒரு மேடை கட்ட வேண்டும், தள்ளுவண்டி ஓடுவதற்குக் குழியில்லாத தரை வேண்டும். இவை எதையும் சுருளாக விற்க முடியாது. லோடுமேன் தன் கூலியிலிருந்து வாங்கவும் முடியாது. கிடங்கின் உரிமையாளர்தான் செய்ய வேண்டும்.